பண்டிதர் கண்ட முக்காடு

அத்தியாயம் 4

பெண் யார் என்று பண்டிதர் எங்களைக் கேட்கவில்லை. அது தனக்குத் தெரியும் என்றார். மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனவள் அவர் வீட்டுப் புது மருமகள். முன்னால் உட்கார்ந்து ஓட்டிய பயல் யார் என்று மட்டும் மந்தாகினி அக்கா கண்டுபிடித்துச் சொன்னால் போதும், அதுவும் இன்று மாலைக்குள்.

பாதி வேலையை அவரே முடித்துக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அக்கா முகத்தைப் பார்த்தேன், அங்கே மகிழ்ச்சி இல்லை. அடுத்தவர் தைத்த பாதியைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் அவர் தன் ஊசியை எடுப்பார்.

தர்பங்காவில் மந்தாகினி டாக்குரைத் தெரியாதவர்கள் குறைவு. ரயில்வே போலீஸில் இருந்தவர். மேலதிகாரிகளையும் குறுக்கு விசாரணை செய்த குற்றத்துக்காகச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். அதற்குப் பிறகு காணாமல் போன எருமை, திடீரென்று முளைத்த உயில், மாப்பிள்ளையின் பூர்வீகம் என்று ஊரில் எந்தக் குழப்பம் வந்தாலும் அவரிடம்தான் வருகிறது. நான் புச்சன் லால், அவருடைய உதவியாள். ஸ்கூட்டர் ஓட்டுவது என் வேலை. வாயை மூடு என்று அவர் கண்ணைக் காட்டும்போது வாயைத் திறப்பது என் இயல்பு.

பண்டிதர் திரிலோகநாத் மிஸ்ரா சமஸ்கிருதக் கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று தலைமுறை தலைமுறையாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவர் வீட்டு அடுப்பில் பால் தீய்ந்து புகைந்தால் மட்டும் பண்டிதர் மனைவி வந்து சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அந்த அம்மாதான் எங்கள் முன் ஒரு தட்டு நிறைய நெய்யில் வறுத்த மக்கானா என்கிற தாமரை விதைப் பொரியை வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் பக்கத்தில் மகள் விபா நின்றாள், எம்.ஏ. படிக்கிற பெண். உள்ளே அழுதுவிட்டு வந்தவள் மாதிரி கண் சிவந்திருந்தது.

விஷயம் இதுதான். பண்டிதரின் தம்பி மகன் அமரேஷுக்கும் பெல்வாரி கிராமத்து நூதனுக்கும் இந்த வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை சூரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டான். பெண் இன்னும் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது மதுஸ்ராவணி நோன்பு நடக்கிறது. புதுப்பெண் உப்பில்லாமல் சாப்பிட்டு, நாகதேவதைக்குப் பூப்போட்டு, கதை கேட்கிற நாட்கள். நாளை கடைசிப் பூஜை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சீர் போக வேண்டும், மாப்பிள்ளையும் போய் நிற்க வேண்டும். பண்டிதர் சீரை நிறுத்திவிட்டார். சூரத்துக்குப் போன் போட்டு ரயில் ஏறாதே என்றும் சொல்லிவிட்டார். தகப்பன் இல்லாத பையன், பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். சீர் வராத பெண்ணை அப்புறம் யார் வந்து அழைத்துப் போவார்கள்? நூதன் ஆயுசுக்கும் பெல்வாரியிலேயே இருக்க வேண்டியதுதான்.

"பண்டிட்ஜி, நீங்க என்ன பார்த்தீங்கன்னு ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க" என்றார் அக்கா. சொல்லிவிட்டு மூன்று வெற்றுக் கிண்ணங்களைக் கேட்டு வாங்கி வரிசையாக வைத்தார். கண்ணால் கண்டது ஒன்றில், காதால் கேட்டது ஒன்றில், மனசால் கருதியது மூன்றாவதில். பண்டிதர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சங்கதிக்கும் ஒரு மக்கானா விழும். இது அக்காவின் பழைய வழக்கம். கருதியது கிண்ணம் எனக்குச் சொந்தம் என்பது என் பழைய வழக்கம்.

பண்டிதருக்குச் சிரிப்பு வந்தது. பிரத்தியட்சம், சப்தம், அனுமானம் என்று மூன்றையும் தானே பெயர் சொல்லி, தன் சாட்சி முழுக்க முதல் கிண்ணம்தான் என்றும் சொல்லிவிட்டு ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பெரியவரைப் பார்க்க ஆட்டோவில் போயிருக்கிறார். பெல்வாரி குளத்துக்கரையில் எருமைகள் மறித்துக்கொண்டதால் ஆட்டோ நின்றது. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் ஒரு பெண், மடியில் பூக்கூடை. உடம்பில் மீன் கரை போட்ட பச்சைப் பட்டு. அந்தச் சேலையைப் பண்டிதரே ஓவியம் எழுதுகிறவர்களிடம் சொல்லி மருமகளுக்கென்று எழுத வைத்தார். அந்த மாதிரி இன்னொன்று உலகத்தில் கிடையாது.

"என்னைப் பார்த்தா. பார்த்த உடனே முக்காட்டை மோவாய் வரைக்கும் இழுத்து விட்டா. மாமனாரைக் கண்டா மருமக செய்யறது அதுதானே? என் மருமக இல்லேன்னா எவ என்னைப் பார்த்து முக்காடு இழுக்கணும்? சேலையும் சாட்சி, முக்காடும் சாட்சி."

"ஓட்டினவனை நூதனோட மாமான்னோ சித்தப்பான்னோ சொல்லலாமே" என்றேன் நான். வயசுப் பையன் என்றார். வயசுப் பையன் மாமாக்களும் உண்டு என்றேன். அக்கா என் காலை மிதித்தார்.

"நூதன் பார்க்க எப்படி இருப்பா, பண்டிட்ஜி?"

பண்டிதருக்குக் கோபம் வந்துவிட்டது. மருமகள் முகத்தை மாமனார் எப்படிப் பார்த்திருப்பான், என்ன கேள்வி இது என்று தொடையில் தட்டினார். கல்யாணத்தில் பார்த்ததும் முக்காடுதான், ஆசீர்வாதம் செய்ததும் முக்காட்டைத்தான். அக்கா ஒரு மக்கானாவை எடுத்து எந்தக் கிண்ணத்திலும் போடாமல் விரலில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

கிளம்பும்போது கண்டது கிண்ணத்தில் கொஞ்சம் கிடந்தது. கேட்டது காலி. கருதியது நிரம்பி வழிந்து நான் அதில் கை வைத்து வெகு நேரம் ஆகியிருந்தது. பண்டிதரின் தர்க்கம் வயிற்றுக்கு நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து விபா, "அண்ணி அப்படிப்பட்டவ இல்ல" என்றாள். அண்ணனுக்கு நாளைக்கே வேறு கல்யாணம் செய்து வைக்கிற மாதிரி எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்களே என்றும் சொன்னாள். பண்டிதர் அவளைப் பார்த்து, நீ உன் பரீட்சைக்குப் படி என்றார்.

பெல்வாரிக்கு ஸ்கூட்டரில் போனோம். வழியெல்லாம் சேறு. இரண்டு பக்கமும் தண்ணீர் நின்ற வயலில் மீன் துள்ளியது. எனக்கு அதைப் பார்க்கவே மனசு வலித்தது. நோன்பு நடக்கிற வீட்டுக்குப் போகிறோம், ஒரு துண்டு மீன் கிடைக்காது.

நூதன் வீட்டு முற்றத்தில் அன்றைய பூஜை முடிந்து பெண்கள் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். இலைகளின் மேல் நேற்றுச் சாயங்காலம் பறித்த பூக்கள் வாடிக் கிடந்தன. இந்த நோன்புக்கு அன்றலர்ந்த பூ ஆகாது. முந்தின நாள் மாலையே பறித்து வைத்ததுதான் வேண்டும். அதனால்தான் தினமும் சாயங்காலம் புதுப்பெண்கள் கூட்டமாகப் பூப்பறிக்கப் போகிறார்கள். ஊர்ப் பையன்கள் அந்த நேரம் பார்த்து தோப்புப் பக்கம் காற்று வாங்கப் போவதற்கும் அதுதான் காரணம்.

அக்கா என்னைத் தன் தம்பி என்று சொல்லி முற்றத்தின் ஓரத்தில் உட்காரவைத்தார். உடனே ஒரு கிழவி பாட ஆரம்பித்தாள். விருந்துக்கு வந்த தம்பிக்கு மூக்கு நீளம், மூளை கொஞ்சம், தலைக்கு எண்ணெய் தடவ ஆள் இல்லை. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குத் தண்ணீர் தருவதற்கு முன் இந்தக் கேலிப் பாட்டைத் தந்துவிடுவார்கள். மூக்கைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை என்று நான் ஒத்துக்கொண்டேன்.

நூதன் சிரிக்கவில்லை. தலையில் முக்காடு இல்லாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்த ஊரில் எந்தப் பெண் முக்காடு போடுவாள்? உருண்டை முகம், நெற்றியில் பழைய தழும்பு. ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாத முகம். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா எங்களிடம் சொல்லி அழுதார். உப்பில்லாத சோற்றையும் தள்ளிவிடுகிறாளாம்.

அக்கா அவளருகில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தாய் என்று கேட்டார். தோப்பில் பூப்பறித்தேன் என்றாள். கூட இருந்த தோழிகளும் ஆமாம் என்றார்கள். தோழிகள் ஆமாம் என்று சொல்வதைப் பண்டிதர் கேட்டது கிண்ணத்தில்கூடப் போடமாட்டார்.

"பூவை எதுல கொண்டு வந்தே?"

நூதன் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அக்காவின் பார்வை கொடியில் காய்ந்த ஒரு பழைய வெள்ளைச் சேலைக்குப் போனது. துவைத்த சேலைதான். ஆனால் மடி விழுகிற இடத்தில் செம்பருத்திக் கறை நீலம் பாரித்துப் படர்ந்திருந்தது. பூக்கூடை இருக்கிறவள் பூவை மடியில் கட்டிக்கொண்டு வரமாட்டாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை கூடை உன்கிட்ட இல்ல. பச்சைப் பட்டும் உன் மேல இல்ல. நீ தோப்புல இருந்தே. நான் நம்பறேன். யார்கிட்ட குடுத்தே?"

"பட்டு என் பெட்டியிலதான் இருந்துச்சு" என்றாள் நூதன்.

அவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. காதுவரை சிவந்துவிட்டது. அக்கா மறுபடி கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அக்கா, என்னைக் கேக்காதீங்க. பெரிய மாமா பார்த்தது பார்த்ததாவே இருக்கட்டும். எனக்கு அப்பா அம்மா இருக்காங்க, சோறு போடுவாங்க."

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குத் தமாஷ் எதுவும் வரவில்லை. அக்கா எழுந்தார். இனி கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்கு ஜாடை காட்டினார். கிளம்பும் முன் நூதனின் அம்மாவிடம், வாசலில் நாளைக்குக் கோலம் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டு வந்தார்.

"எந்தத் தைரியத்துல அதைச் சொன்னீங்க?" என்று ஸ்கூட்டரில் கேட்டேன். "சேலைக்கறையைக் காட்டினா பண்டிதர் கேப்பாரு, வேற நாள் கறையா இருக்கக் கூடாதான்னு. அப்புறம் அந்த முக்காடு. அதை எங்க கொண்டு வைக்கறது?"

"புச்சன், நீ கல்யாணமான பொண்ணு. புருஷன் ஊர்ல இல்ல. வேற ஒருத்தன் வண்டியில போற. எதிர்ல உன் மாமனார். அவருக்கு உன் முகமே தெரியாது. முக்காடு இழுப்பியா?"

நான் பெண்ணாக இருந்து யோசித்துப் பார்த்தேன். முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எருமையைப் பார்ப்பேன். யாரோ ஊர்க்காரப் பெண் என்று அவர் போய்விடுவார். முக்காட்டை இழுத்தால்தானே நான் மருமகள் என்று நானே சொல்லிக்கொடுப்பது?

"அப்ப முகத்தை மறைச்சவ, முகத்தைப் பார்த்தா அவர் கண்டுபிடிச்சிடுவார்னு பயந்தவ" என்றார் அக்கா. "அந்த மனுஷனுக்குப் பெல்வாரியில எந்தப் பொம்பளை முகம் தெரியும்?"

சம்பந்தி அம்மா அவர் முன்னால் வருவதே இல்லை. நூதனின் தோழிகளை அவர் பார்த்ததில்லை. யாரையுமே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவன், சடாரென்று பிரேக்கைப் பிடித்தேன். ஸ்கூட்டர் வயல் தண்ணீரில் இறங்கப் பார்த்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்ப வாயை மூடிக்கிட்டு ஓட்டு" என்றார். அன்று முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டேன்.

 தர்பங்கா எல்லை வந்ததும் அக்கா, எனக்கென்று இல்லாமல், ஒரு பெண்ணைக் காப்பாற்ற இன்னொரு பெண்ணைப் பிடித்துக் கொடுப்பது என்ன வேலை என்று முணுமுணுத்தார். பண்டிதருக்குப் பெயர் எதுவும் தான் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார்.

மாலையில் பண்டிதர் பாக் என்கிற மைதிலித் தொப்பியோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பயல் பெயர் என்ன என்பதுதான் முதல் கேள்வி. அக்கா அதை விட்டுவிட்டு நூதனின் பட்டினியையும் செம்பருத்திக் கறையையும் சொன்னார். நான் நினைத்தபடியே கறை வேறு நாள் கறையாக இருக்கலாம் என்று பண்டிதர் தள்ளினார். தன் முகமே தெரியாத மாமனாரைப் பார்த்து முக்காடு இழுக்கக் காரணம் என்ன என்று அக்கா கேட்டார். மரியாதை என்றார் பண்டிதர்.

"திருட்டுத்தனமாப் போறவளுக்கு மரியாதை முன்னாடி வருமா, பயம் முன்னாடி வருமா?"

பண்டிதர் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தார். தர்க்கத்தில் ஓட்டை விழுந்தால் அவருக்கு வலிக்கும். அதே சமயம் நல்ல ஓட்டை என்றால் ரசிக்கவும் செய்வார். பயம்தான் என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் தன்னை அறிந்தவள், தன்னாலும் அறியப்பட்டவள் என்று தானே அடுத்த படியை எடுத்து வைத்தார். அந்தச் சேலையும் கூடையும் கையில் கிடைக்கிற அளவுக்கு நூதனுக்கு நெருக்கமானவள் என்று இன்னொரு படி. வகுப்பு எடுக்கிற குரல் வந்துவிட்டது. புதுப் பெண்டாட்டி மாதிரி முக்காட்டோடு உட்கார்ந்து போனால் வழியில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், புருஷன் பெண்டாட்டி என்று விட்டுவிடுவார்கள், அதற்குத்தான் அந்தச் சேலை என்று மூன்றாவது படியும் ஏறினார்.

"கெட்டிக்காரி. நான் அடையாளம் கண்டுக்காம இருக்கணும்னா அவ முக்காடு போட்டே ஆகணும். ஏன்னா, முக்காட்டுக்குப் பின்னாடி நான் தேடவே மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். என்னைப் பார்த்து முக்காடே போடாத பொண்ணு உலகத்துல ஒருத்திதான்..."

அங்கே நின்றுவிட்டார். மகள் அப்பாவைப் பார்த்து முக்காடு போடுவதில்லை. மூக்குப்பொடி விரலிலேயே இருந்தது. புதன்கிழமையன்று நோன்பின் முதல் தவணைச் சீரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அண்ணியோடு கதை கேட்கிறேன் என்று சனிக்கிழமை வரை பெல்வாரியில் தங்கிவிட்டு வந்தது யார் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெரிய மனுஷரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மருமகளின் வாழ்க்கையை முடித்துவைக்க அவர் கட்டிய தர்க்கம் அவருடைய சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது.

கதவு தானாகவே திறந்தது. விபா வந்து நின்றாள். தலையில் எதுவும் இல்லை. முகத்தை நிமிர்த்தித்தான் வைத்திருந்தாள்.

"நான் சனிக்கிழமையே சொல்ல வந்தேன்ப்பா. அண்ணி சத்தியம் வாங்கிட்டாங்க. இன்னிக்கு ராத்திரி சத்தியத்தை உடைச்சிடறதுன்னு இருந்தேன். அவரு கமலேஷ், பக்கத்து ஊர் ஸ்கூல்ல..."

பண்டிதர் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள். கதவுக்குப் பின்னால் பண்டிதர் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அடி விழுமா, திட்டு விழுமா, நாளைக்கே வேறு மாப்பிள்ளை பார்ப்பாரா என்று நாங்கள் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம்.

அவர் முதலில் சூரத்துக்குப் போன் போட்டார். ரயில் இனி நேரத்துக்கு வந்து சேராது, கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறு, நாளைக்குப் பெல்வாரியில் நீ நிற்க வேண்டும் என்றார். ஏன் என்று அமரேஷ் கேட்டிருக்க வேண்டும். "நான் பார்த்தது ஒரு சேலை. மிச்சத்தை நானே சேர்த்துக்கிட்டேன். நூதன்கிட்ட நானே வந்து கையெடுத்துக் கும்பிடறேன்" என்று சொல்லி வைத்தார். பிறகு மனைவியிடம் சீர்க் கூடைகளைக் கட்டச் சொன்னார். அந்த அம்மா ஓடினார். ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார் என்பது அவர் ஓடிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்தது.

விபா இன்னும் அதே இடத்தில் நின்றாள்.

"வண்டியில போனது யாருன்னு நான் பார்க்கல" என்றார் பண்டிதர், அவளைப் பார்க்காமல். "பார்க்காததைப் பத்தி இனிமே இந்த வீட்டுல நான் பேசமாட்டேன். பேசினதுக்கு ஒரு பொண்ணு ரெண்டு நாள் பட்டினி கிடந்திருக்கா. ஆனா ஒண்ணை நான் நல்லாவே பார்த்தேன். யார்கிட்டயும் சொல்லல. சேத்து ரோட்டுல, எருமைங்களுக்கு நடுவுல, அந்தப் பய வண்டியை வளைச்சு வளைச்சு ஓட்டினான். பின்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருக்கான்னு அவனுக்கு நினைப்பே இல்ல. எனக்குத்தான் பயமா இருந்துச்சு, எவ பெத்த பொண்ணோ, விழுந்துடப் போறாளேன்னு."

விபா அழ ஆரம்பித்தாள். பண்டிதர் மூக்குப்பொடியை ஒருவழியாகப் போட்டுக்கொண்டு, மேல்துண்டால் மூக்கையும் கண்ணையும் சேர்த்துத் துடைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்து என்னைப் பார்க்கச் சொல்லு. சம்மதம்னு நினைச்சுக்காதே, அது உன் அனுமானம். மெதுவா வரச் சொல்லு."